சாரல் காலத்தில் பாலிஷ் போடாதீர்கள்!

ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் பேருந்தில் சிவகிரியைத் தாண்டினால் வாசுதேவநல்லூர். மேற்கே மலை கூடவே வரும். அம்மையும் அப்பனும் ஓருருவாக நிற்கும் அர்த்தநாரீஸ்வரர் கோயில் இந்த ஊரின் பெருமை. புலித்தேவர் ஆண்ட நெற்கட்டும்செவலும் அருகில்தான்.

தெற்கே இருக்கும் செங்கோட்டை, 1956 நவம்பர் 1 வரை தமிழ்நாட்டோடு சேரவில்லை. அதற்கு அப்பால் ஆரியங்காவுக் கணவாய். அதையும் தாண்டினால் தேக்குக் காடுகள். இந்த வட்டாரத்தின் பழைய வீடுகளில் தேக்கு ஊஞ்சலும் மர பீரோவும் இருப்பதில் ஆச்சரியமில்லை. பிள்ளைகள் சென்னைக்கும் கோவைக்கும் போய்விட, பொங்கலுக்கு வீட்டைத் திறக்கும்போதுதான் கவலை வருகிறது. ஊஞ்சல் பலகையில் காபி டம்ளர் வைத்த வெள்ளை வளையம், பீரோவில் கீறல். 'சுரண்டிவிட்டு எனாமல் பெயின்ட் அடித்துவிடலாம்' என்று யாராவது சொல்வார்கள். அடித்துவிட்டால், பாட்டி உட்கார்ந்து உட்கார்ந்து மெருகேறிய பலகை திரும்பக் கிடைக்காது.

பழைய மரச்சாமான்களில் பெரும்பாலும் அரக்கு பாலிஷ்தான் இருக்கும். மரக்கிளைகளில் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசினே அரக்கு. கண்ணில் படாத ஒரு மூலையில், ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒற்றிப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. அசையாவிட்டால் வார்னிஷோ மெலமைனோ. அதற்கு வைத்தியம் வேறு.

வெள்ளை வளையம் என்பது மேல்பூச்சுக்குள் சிக்கிய ஈரம். அதன்மேல் பருத்தித் துணியை மடித்துப் போட்டு, இஸ்திரிப் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில் சில விநாடிகள் வைத்து எடுத்தால் பல நேரம் மறைந்துவிடும். சூடு கூடினால் அரக்கு உருகிவிடும் என்பதால் அடிக்கடி தூக்கிப் பார்க்க வேண்டும். கறுப்புக் கறை என்றால் ஈரம் மரத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதைக் கைதேர்ந்த தச்சரிடம் விட்டுவிடுங்கள்.

மங்கிய இடத்துக்குப் புது பாலிஷ் வேண்டுமா? ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் சுமார் 200 கிராம் அரக்குச் செதிலை இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டுங்கள். பலகையின் அழுக்கை ஈரத்துணியால் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பொட்டலமாகக் கட்டி, கரைசலில் தொட்டு, மரத்தின் ரேகை ஓடும் திசையில் மெல்லியதாக இழுக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்று தேய்த்தால் அடியில் இருக்கும் பூச்சும் கரைந்து வந்துவிடும். காய்ந்தபின் அடுத்த பூச்சு. புது அரக்கு பழைய அரக்கோடு கரைந்து ஒன்றாகிவிடுவதால் ஒட்டுப்போட்டது தெரியாது. ஸ்பிரிட் சட்டெனத் தீப்பற்றும். அடுப்பும் விளக்கும் பக்கத்தில் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், நாள் பார்ப்பது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கணவாய் வழியே வரும் காற்றுதான் குற்றாலத்துக்குச் சாரல் தருகிறது. அந்த ஈரக் காற்றில் பாலிஷ் போட்டால் பனி படர்ந்ததுபோல் பலகை வெளுத்துவிடும். குற்றாலக் குளியலுக்கு ஆனியும் ஆடியும். ஊஞ்சலுக்கு மாசியும் பங்குனியும்.

அதுவரை, டம்ளருக்கு அடியில் ஒரு துணியை மடித்து வையுங்கள்.