அப்பாவுக்குக் கோபமா?

எங்கள் மன்னிக்கு ஒரு வருஷமாக ஒரு மனக்குறை இருந்து வந்தது. அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்தில் அண்ணாவின் வீட்டில் இருக்கிறார்கள். சென்ற பொங்கலுக்கு நான் சென்னையிலிருந்து போயிருந்தபோது, மன்னி என்னைத் தனியே கூப்பிட்டு, "அப்பாவுக்கு என்மேல் என்னவோ கோபம். எதைச் செய்து போட்டாலும் முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. ஏதாவது கேட்டால் முணுமுணு என்று ஒரு பதில் வருகிறது. பதினேழு வருஷத்தில் இப்படி இருந்ததே இல்லை" என்று கண் கலங்கச் சொன்னாள்.

அப்பா கணக்கு வாத்தியாராயிருந்தவர். கடைசிப் பெஞ்சு வரைக்கும் எட்டும் குரல். பிரம்பை எடுக்காமல், பையன்களைச் சிரிக்க வைத்தே கணக்குச் சொல்லிக் கொடுப்பார் என்று ஊரில் பெயர். அப்பேர்ப்பட்டவர் சிரிப்பதை நிறுத்திவிட்டால் கோபம் என்றுதானே தோன்றும்? அம்மாவோ, "71 வயசு ஆச்சேடா! இன்னும் துள்ளிக் குதிக்கச் சொல்கிறாயா?" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். நம் குடும்பங்களில் 'வயசாச்சு' என்பதைப் போல் சௌகரியமான சொல் வேறு கிடையாது. அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் எதையும் விசாரிக்க வேண்டியதில்லை.

தினமும் கூட இருப்பவர்களுக்கு மெள்ள மெள்ள வரும் மாறுதல் புலப்படுவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வருகிறவன் கண்ணில் அது பளிச்சென்று படுகிறது. அன்று மாலை நானும் அப்பாவும் கும்பேசுவரன் கோயிலுக்கு நடந்து போனோம். அவருடைய இடது கை வழக்கம்போல் வீசிக்கொண்டு வந்தது. வலது கை மட்டும் உடம்போடு ஒட்டினாற்போல் தொங்கியது. வலது காலைச் சற்றுத் தேய்த்து வைத்தார். பிராகாரத்தில் உட்கார்ந்தபோது, மடியில் சும்மா கிடந்த வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று உருட்டிக் கொண்டிருந்தன. நாட்டு வைத்தியர் மாத்திரை உருட்டுவாரே, அந்த மாதிரி. விபூதி வாங்கக் கையை நீட்டினாரோ இல்லையோ, நடுக்கம் நின்றுவிட்டது!

வயதானவர்களில் பலருக்குக் காப்பி டம்ளரைத் தூக்கும்போது கை நடுங்குவதுண்டு. அது பெரும்பாலும் வேறு வகையைச் சேர்ந்தது. ஓய்ந்திருக்கும் கை நடுங்குவதும், அதுவும் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் ஆரம்பிப்பதும்தான் பார்க்கின்ஸன் வியாதியின் லக்ஷணம். நடுக்கமே இல்லாமல், இயக்கம் மந்தமாவதோடு தொடங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

இரவு அப்பாவின் வரவு செலவு நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு முந்தின நோட்டில் முத்து முத்தான எழுத்து. இந்த வருஷத்து நோட்டிலோ, வரியின் ஆரம்பத்தில் கடுகளவு இருந்த எழுத்து, முடிவில் கசகசா அளவாகி விட்டது! கையெழுத்துப் பொருந்தவில்லை என்று பாங்கியிலிருந்து ஒரு செக் கூடத் திரும்பி வந்திருக்கிறது.

அம்மாவைத் துருவிக் கேட்டபோது பழைய சங்கதிகள் ஒவ்வொன்றாய் வெளிவந்தன. எட்டு வருஷமாகவே அப்பா தூக்கத்தில் கூச்சல் போடுவாராம். யாரோ துரத்துகிற மாதிரி கையையும் காலையும் உதறுவாராம். டிகாக்ஷன் இறங்கும் மணம் வாசல் வரைக்கும் வந்தாலும் அவருக்கு மட்டும் தெரிவதில்லையாம். மலச்சிக்கல் வேறு. மூக்குக்கும் தூக்கத்துக்கும் வயிற்றுக்கும் நடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நடுக்கம் தோன்றுவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே இவை தலைகாட்டக் கூடும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். ஆனால் இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் உடனே அந்த வியாதிதான் என்று பயந்துவிடக் கூடாது. மலச்சிக்கல் இல்லாத கிழவர் எந்த ஊரில் இருக்கிறார்?

1817-ம் வருஷம் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் என்ற வைத்தியர் இந்த வியாதியைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். அதில் அவர் விவரித்தவர்கள் ஆறே பேர். அவர்களிலும் சிலர் அவர் தெருவில் கண்டவர்கள்! இன்றைக்கும் நோயை நிர்ணயிப்பதில் கண்ணுக்குத்தான் முதல் இடம். தஞ்சாவூரில் நாங்கள் பார்த்த நரம்பு வைத்திய நிபுணர், அப்பாவை விரல்களைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார், மணிக்கட்டைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். பிறகு, சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் மேஜைமேல் பரப்பச் சொன்னார். தலைசுற்றலுக்குக் கொடுக்கும் சின்னரிசின், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட் போன்றவைகூட இதே அறிகுறிகளை உண்டாக்குமாம். தலைசுற்றல் மாத்திரையைப் பெப்பர்மிண்ட் மாதிரி வாயில் போட்டுக்கொள்ளும் பெரியவர்கள் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள்! நல்ல வேளையாக அப்பாவின் பையில் அவை எதுவும் இல்லை.

மூளையில் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கும் அணுக்கள் சிறிது சிறிதாக அழிவதால்தான் இவ்வளவும் என்றார் டாக்டர். முகத்தின் தசைகளும் இதற்கு விலக்கல்ல. உள்ளே சிரிப்பு இருக்கும். அது முகத்துக்கு வந்து சேராது. குரலும் அப்படித்தான். தாம் உரக்கப் பேசுவதாகவே அவருக்குத் தோன்றும்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இது என் பிள்ளைகளுக்கும் வருமா?"

பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை என்று டாக்டர் சொன்னதும், "அப்படியானால் சரி, புறப்படலாம்" என்று எழுந்துவிட்டார்.

லெவோடோபா என்ற மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். அழிந்த அணுக்களை அது மீட்டுத் தராது. வியாதியைத் தீர்த்துவிடவும் செய்யாது. ஆனால் சட்டைப் பித்தானைப் போட யாரையும் கூப்பிடாமலிருக்கும் சுதந்திரத்தைத் தந்திருக்கிறது. அது லேசான விஷயமா? பருப்பு, பால் முதலியவை மருந்து உடம்பில் சேருவதைக் குறைக்குமாகையால், சாப்பாட்டுக்கு அரைமணி முன்னதாகக் கொடுக்க வேண்டும். நாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. எதிர்வீட்டு மாமா பூனைக்காலி விதைச் சூரணத்தைச் சிபாரிசு செய்தார். அந்த விதையிலும் இதே லெவோடோபா இருப்பது வாஸ்தவந்தான். அதனாலேயே, அளவு தெரியாமல் இரண்டையும் சேர்க்க வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார்.

முகத்தைப் பற்றி டாக்டர் சொன்னதை மன்னியிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "அப்படியானால் என் ரசம் அவருக்குப் பிடித்துத்தான் இருந்ததா?" என்று கேட்டாள்.

"என்னை ஏன் கேட்கிறாய்? அவரையே போய்க் கேளேன்" என்றேன்.

போய்க் கேட்டாள். அப்பாவின் முகம் அசையவில்லை. ஆனால், "இன்னும் ஒரு கரண்டி விடு" என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கூடத்திலிருந்தே கேட்டது.

கோடு போட்ட நோட்டில் எழுதினால் எழுத்துச் சிறுத்துப் போகாது என்பது டாக்டரின் யோசனை. ஆகையால் இப்போது வீட்டு வரவு செலவெல்லாம் பேரனுடைய இரட்டைக் கோடு நோட்டில் நடக்கிறது. எழுத்துக் கோட்டைத் தொடாவிட்டால், பேரன் சிவப்புப் பென்ஸிலால் சுழித்துத் தாத்தாவைத் திரும்ப எழுதச் சொல்கிறான்.