காலுக்கு ஒரு சொல், கண்ணுக்கு ஒரு சொல்

சகோதரியே, ஸ்கொட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்குப் போகும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், அங்கே கல்லும் மேடும்தான் முதலில் வரவேற்கும். நாம் 'கரடுமுரடு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதை ஆங்கிலத்தில் பல சொற்களாகப் பிரித்துச் சொல்வார்கள். வயதான மாமியையும் தள்ளுவண்டியில் குழந்தையையும் கூட்டிச் செல்பவருக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

கோட்டையிலிருந்து ஹோலிரூட் மாளிகை வரை இறங்கும் றோயல் மைல் வீதி ஏறத்தாழ 1.8 கிலோமீற்றர் நீளம். அதன் பெரும்பகுதியில் தார் இல்லை. வெட்டிய கற்களைப் பதித்திருக்கிறார்கள். அதில் வாகனம் போகும்போது உடம்பு குலுங்குகிறதே, அதுதான் 'பம்பி'. ஆகாயத்தில் விமானம் குலுங்கினாலும் இதே சொல்தான்.

வீதியின் இருபக்கமும் ஒடுங்கிய சந்துகள் இறங்குகின்றன. பழைய கற்படிகள் ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் இருந்தால் அது 'அன்ஈவன்'. மட்டம் சரியில்லை, கால் தடுக்கும் என்று பொருள். எச்சரிக்கைப் பலகைகளில் இந்தச் சொல்லைக் கண்டால் மாமியின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துச் சுவரைத் தடவிப் பாருங்கள். கை உராய்ந்தால் அது 'ரஃப்', நம்முடைய சொரசொரப்பு.

வீதி முடியும் இடத்துக்கு அப்பால் ஆர்தர்ஸ் சீற் என்ற குன்று, 251 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. ஏறத்தாழ 34 கோடி ஆண்டுகளுக்கு முன் குமுறி அணைந்த எரிமலை அது. பாறையும் சரிவுமான அந்தத் தோற்றம் 'ரகிட்'. இது கண்ணுக்குரிய சொல். அதில் வியப்பும் கலந்திருக்கும். ஒருவரின் முகத்தை 'ரகிட்' என்றால் வெயிலும் மழையும் கண்ட உறுதியான முகம் என்ற பாராட்டு. ஆளையே 'ரஃப்' என்றால் முரடர் என்ற குறை.

உச்சிக்கு ஏறினால் இன்னொன்றும் விளங்கும். எத்தனையோ பேரின் கால் பட்டு அங்கே பாறை வழவழத்துப் போயிருக்கிறது. தொட்டால் 'ரஃப்' இல்லை. ஆனாலும் மட்டம் இல்லை, 'அன்ஈவன்'. வழுக்கவும் செய்யும்.

ஆகவே, வழி கேட்கும்போது பாதை 'ரகிட்'டா என்று கேட்காதீர்கள். காட்சியின் அழகைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். மாமிக்காக 'அன்ஈவன்'னா என்றும், தள்ளுவண்டியில் தூங்கும் குழந்தைக்காக 'பம்பி'யா என்றும் கேளுங்கள்.