சான்றிதழ் வேறு, கிரெடிட் வேறு

ஆன்லைனில் படித்த பாடம் கல்லூரி மதிப்பெண் பட்டியலில் ஏறுமா ஏறாதா என்பது நம் பிள்ளைகளுக்குச் சின்ன விஷயம் இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சான்றிதழ் செல்லாமல் போனால் இழப்பு அந்தத் தாளோடு முடிந்துவிடும். காபித் தோட்டத்துக் கூலியில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு பருவத்து உழைப்பும், கட்டிய பணமும், வீட்டார் வைத்த நம்பிக்கையும் சேர்ந்து போகும்.

பழனி மலையின் கீழ்ப்பகுதியில், பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். வருகிறவர்களில் பெரும்பாலானோர் முதல் தலைமுறைப் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தம்பி, வெளிநாட்டு இணையதளம் ஒன்றில் பணம் கட்டிப் புள்ளியியல் படித்து முடித்தான். நன்றாகவே படித்தான். சான்றிதழைக் கல்லூரிக்குக் கொண்டுபோனபோது, "வேலைக்குப் போகும்போது காட்டிக்கொள், இங்கே கிரெடிட் கிடையாது" என்றார்கள். பாடம் தொடங்கும் முன்பே அவனுக்கு இதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

போன வருடம் இன்னொரு பெண் வந்தாள். அம்மா காபி பறிக்கிறவர். சமவெளியில் உள்ள ஒரு கல்லூரியில் பி.ஏ. படிக்கிறாள். உளவியலும் புள்ளியியலும் ஆன்லைனில் எடுக்க ஆசை. அவள் கேட்ட முதல் கேள்வியே சரியான கேள்வி: "பெரியப்பா, இது மார்க் ஷீட்ல வருமா?"

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. ஒன்றிய அரசின் ஸ்வயம் தளம் 2017 ஜூலையில் தொடங்கியது. அதற்கு முன்பே, 2016இல், யுஜிசி விதிமுறை வகுத்து 20 விழுக்காடு வரை இப்படிப் படிக்கலாம் என்றது. 2021இல் அதை 40 விழுக்காடாக உயர்த்தியது. ஸ்வயம் வழியாகப் பெற்ற கிரெடிட்டை ஏற்க எந்தப் பல்கலைக்கழகமும் மறுக்கக் கூடாது என்று 2016 விதியிலேயே இருக்கிறது. ஆனால் எந்தப் பாடத்தை எந்தப் பருவத்தில் எடுக்கலாம் என்று கல்லூரியின் கல்விக் குழு முன்கூட்டியே ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும். நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

நாங்கள் கல்லூரிக்குப் போனோம். "எடுக்கட்டும்ங்க, போட்டுக்கலாம்" என்றார் அலுவலகத்தில் ஒருவர். எழுத்தில் கேட்டோம். மூன்று முறை அலைந்த பிறகு ஒப்புதல் பட்டியல் கைக்கு வந்தது. உளவியல் பாடம் அதில் இருந்தது. அவள் விரும்பிய புள்ளியியல் பாடம் இல்லை. வாய்வார்த்தையை நம்பியிருந்தால் இரண்டையும் எடுத்திருப்பாள், ஒன்று வீணாகியிருக்கும். உளவியலை மட்டும் பதிவு செய்தாள். புள்ளியியலுக்குத் துறைத் தலைவரிடம் மனு கொடுத்தாள், அடுத்த பருவத்துக்கு ஒப்புதல் வந்தது.

பாடம் தேர்ந்தெடுப்பதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. என்பிடெல் கணக்கில் 4 வாரப் பாடத்துக்கு 1 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3. கல்லூரித் தாள் 3 கிரெடிட் என்றால் 8 வாரப் பாடம் அதற்கு ஈடாகாது. புள்ளியியலில் பொறியியல் மாணவர்களுக்கான பாடம் வேறு, சமூக அறிவியல் மாணவர்களுக்கானது வேறு. முன்னதில் நுண்கணிதம் வரும். சராசரி, திட்டவிலக்கம், ஒட்டுறவு, கை-வர்க்கச் சோதனை என்று போகிற பாடமே பி.ஏ. மாணவருக்குப் பொருந்தும். பாடத்திட்டத்தைத் திறந்து வாரவாரியாகப் படித்துப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே வகுப்பில் படித்த தாளையே திரும்ப எடுத்தால் கிரெடிட் கிடைப்பது கடினம்.

பாடம் பார்ப்பது இலவசம், தேர்வுக்குக் கட்டணம். என்பிடெல் தேர்வுக்கு 1000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் பாதி. சாதிச் சான்றிதழைப் பதிவேற்றி இதைக் கேட்டு வாங்க வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் 25 வாராந்திர அசைன்மென்டுக்கு, 75 நேரடித் தேர்வுக்கு. தேற முன்னதில் 10, பின்னதில் 30 வேண்டும். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்டுகளை மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள். மழை நாளில் டவர் போய்விடும் எங்கள் ஊருக்கு இது பெரிய ஆறுதல். வீடியோக்களை வத்தலக்குண்டில் இறக்கி வைத்துக்கொண்டு மலைக்கு வந்தாள் அந்தப் பெண்.

ஜூலையில் தொடங்கும் பாடத்துக்கு அக்டோபர் வாக்கில் தேர்வு. எங்கள் மலையில் அது வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம். மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ பாதை அடைபடும். அவளுக்கு மையம் மதுரையில், காலை அமர்வு. முதல் நாளே இறங்கி உறவினர் வீட்டில் தங்கித் தேர்வெழுதினாள். கட்டணம் 500 ரூபாய்தான். பயணமும், துணைக்குப் போன அம்மாவின் இரண்டு நாள் கூலி இழப்பும் அதைவிட அதிகம்.

படித்ததை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றிக்கொள்வது இந்த மலைக்குப் புதிதும் அல்ல. 1901இல் தொடங்கிய கோடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளி, 1976இல் இந்தியாவிலேயே முதலாவதாக ஐ.பி. பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. ஐ.பி.யில் உயர்நிலைப் பாடங்களில் நல்ல மதிப்பெண் எடுத்தால், அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் அதைக் கல்லூரிக் கிரெடிட்டாகவே ஏற்கின்றன. அறிமுக உளவியலையும் புள்ளியியலையும் கட்டணம் குறைந்த சமுதாயக் கல்லூரியில் முடித்துப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்வது அங்கே வழக்கம். "எந்தத் தாளுக்கு ஈடாக ஏற்பீர்கள்?" என்று முதலில் எழுதிக் கேட்டுவிட்டுத்தான் அங்கேயும் பணம் கட்டுகிறார்கள். அந்த அறிவைச் சொல்லித்தர ஆள் இருக்கிற வீடும் உண்டு, இல்லாத வீடும் உண்டு. சாதி இன்றைக்கு வேலை செய்யும் வழிகளில் இதுவும் ஒன்று.

ஏன் இந்த இரண்டு பாடங்கள் என்று கேட்கலாம். பதவி உயர்வில் இடஒதுக்கீட்டுக்கு அளவிடத்தக்க தரவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் நாகராஜ் வழக்கில் கேட்டது. நம்மிடம் தரவு கேட்கிற காலத்தில் தரவைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம்மில் வேண்டாமா? அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதி பொம்மைகளை வைத்துக் குழந்தைகளிடம் செய்த உளவியல் ஆய்வு, பள்ளிகளில் இனப் பிரிவினையை எதிர்த்த பிரவுன் வழக்கில் எடுத்துவைக்கப்பட்டது. 1954 தீர்ப்பு அந்தப் பிரிவினை செல்லாது என்றது. ஒடுக்கப்பட்ட குழந்தையின் மனதில் என்ன நடக்கிறது என்று அளந்து காட்ட, அந்த வலி தெரிந்தவர்கள் படித்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 3 கிரெடிட் உளவியல் ஒருவரை ஆலோசகர் ஆக்கிவிடாது. அதோடு, 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியல் பட்டங்களைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யுஜிசி சொல்லிவிட்டது. இனி யாராவது "வீட்டிலிருந்தே உளவியல் பட்டம்" என்று விளம்பரம் செய்தால் பணம் கட்டும் முன் விசாரியுங்கள். மனநலத் துறையில் நேரடிப் பயிற்சி வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வேலை பார்த்துக்கொண்டே இக்னோவில் உளவியல் எம்.ஏ. படித்த நம் பெண்களுக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. மூடியவர்கள் நேரடி வகுப்பில் இடமும் விடுதியும் உதவித்தொகையும் கூட்டித் தர வேண்டும்.

படிப்பு பாதியில் நிற்பது நமக்குப் பழைய கதை. 1916இல் லண்டனில் சேர்ந்த அம்பேத்கர், பரோடா உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் திரும்ப நேர்ந்தது. நான்கு ஆண்டுக்குள் வந்து தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகம் அனுமதி தந்தது. 1920இல் திரும்பிப் போனார், 1923இல் டி.எஸ்சி. பெற்றார். அன்று ஒருவருக்குச் சிறப்பு அனுமதியாகக் கிடைத்தது, இன்று 2021இல் வந்த கிரெடிட் வங்கியில் எல்லோருக்கும் விதியாக இருக்கிறது. சேர்த்த கிரெடிட் அதிகபட்சம் ஏழு ஆண்டு நிற்கும். கணக்கைத் தொடங்கும்போது ஆதாரில் உள்ள பெயரும் கல்லூரிப் பதிவில் உள்ள பெயரும், தலைப்பெழுத்து உட்பட, ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒப்புதல் பெற்ற பாடங்களின் பட்டியலைப் பருவம் தொடங்கும் முன் ஒவ்வொரு கல்லூரியும் தமிழில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களின் தேர்வுக் கட்டணத்தையும் பயணச் செலவையும் அரசு ஏற்க வேண்டும். மலைப் பிள்ளைகள் மலையிலேயே தேர்வெழுத வழி செய்ய வேண்டும். அட்டுவம்பட்டியில் 1984 முதல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அதுவரை, பணம் கட்டும் முன் கல்லூரியிடம் ஒரு தாள் வாங்குங்கள். பாடத்தின் பெயர், கிரெடிட் எத்தனை, எந்தத் தாளுக்கு ஈடு, எந்தப் பருவம் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். கீழே கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும்.