களை பிடுங்க வந்த கை

குழந்தை காலையில் எழுந்ததும் தலைவலி என்கிறது, வாந்தி எடுக்கிறது, பிறகு தெளிந்து விளையாடப் போகிறது. பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுப்போம். எங்கள் திருவையாற்றுப் பக்கம் திருஷ்டியும் கழிப்போம்; கழிக்கட்டும், தப்பில்லை. ஆனால் இது தொடர்ந்து வந்து, நடையும் தள்ளாடினால் உடனே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும், சகோதரிகளே. என் அக்கா பேரனுக்கு அப்படித்தான் இருந்தது. சிறுமூளையில் கட்டி. மெடுல்லோபிளாஸ்டோமா என்று பெயர்.

"மசக்கையில பப்பாளி தின்னேனே, அதனாலயா சித்தி?" என்று அக்கா மகள் அழுதாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியும்!

உடம்பின் ஒவ்வொரு செல்லிலும், வேண்டாத புரதங்களுக்கு அடையாளம் வைத்துக் கழித்துக் கட்ட ஓர் ஏற்பாடு உண்டு. நம் வயலில் களை எடுப்பது மாதிரி. கேபிடிபிடி4 என்ற புரதம் அந்தக் களையாட்களில் ஒன்று. அதன் மரபணுவில் பிழை நேர்ந்து இரண்டொரு அமினோ அமிலம் கூடிப்போனால், களையை விட்டுப் பயிரைப் பிடுங்குகிறது. மற்ற மரபணுக்களை அடக்கி வைக்கும் கோரெஸ்ட் என்ற புரதக் கூட்டைத்தான் அது அழிக்கிறது. இக்கட்டிகள் சிலவற்றில் இந்தப் பிழை இருப்பது 2017இல் தெரிந்தது. நடக்கும் விதத்தை 2025இல் விளக்கினார்கள். இது தாய் கொடுத்ததல்ல. வளரும் மூளையில், ஏதோ ஒரு செல்லில் நேர்வது. பரம்பரையாக வரும் பிழையால் உண்டாகும் கட்டிகள் கொஞ்சம்தான்.

பையனுக்கு ஆபரேஷனும் கதிர்வீச்சும் முடிந்து, இப்போது மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதை எங்க மாமியார்கிட்ட நீங்களே சொல்லிடுங்க சித்தி" என்றாள்.