வாயிற்காவலன் இல்லாக் கல்விச்சாலை

பொருளின்றிக் கல்வி கைகூடாது என்பது இளமையிலேயே என் உள்ளத்தில் வேரூன்றிய எண்ணம். அதற்குக் காரணம் எங்கள் இல்லத்திலேயே இருந்தது. எந்தையார் காலமான பின், பன்னிரண்டாம் வகுப்பில் நன்கு தேறியிருந்த என் தமையனார் கல்லூரியிற் சேரும் விருப்பத்தைக் கைவிட்டு, லேத் பட்டறை ஒன்றில் வேலைக்கமர்ந்தார். அவருடைய ஊதியத்தாலேயே யான் இக்கல்லூரியில் பௌதிக மாணவனாகச் சேர்ந்தேன். அத்தகைய யான் முதலாண்டுத் தேர்வில் கணிதத்தில் தவறினேன். முடிவு தெரிந்த அன்று இல்லம் செல்லக் கால் எழவில்லை. தனிப்பாடம் சொல்லித் தருவோர் கேட்ட தொகையோ, தமையனாரின் ஒரு மாத ஊதியத்திற் பாதி. அதனை அவரிடம் கேட்க நா எழவில்லை.

இந்நிலையில், மேல் வகுப்பு நண்பர் ஒருவர் இணையத்தின் வழியே விலையின்றிக் கிடைக்கும் பாடங்களைப் பற்றி எனக்குக் கூறினார். அன்றிரவே என் கைப்பேசியில் தேடலானேன். அமெரிக்காவிலுள்ள எம்.ஐ.டி. என்னும் பெருங்கலாசாலை, ஏறத்தாழத் தன் பாடங்கள் அனைத்தையும் உலகோர்க்கு இலவசமாக வழங்குவதென 2001-ஆம் ஆண்டில் அறிவித்தது. அவற்றைக் காண்பதற்குப் பெயரைப் பதியவும் வேண்டுவதில்லை. நம் நாட்டு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியற் கழகமும் ஒன்றுகூடி 2003-இல் என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தைத் தொடங்கின. 2017-இல் மத்திய அரசினர் ‘ஸ்வயம்’ என்னும் தளத்தைத் திறந்தனர். இவற்றிற் பாடங் கேட்பதற்குக் கட்டணமில்லை. தேர்வெழுதிச் சான்றிதழ் பெற விரும்புவோரே கட்டணம் செலுத்துதல் வேண்டும். சல்மான் கான் என்பார் தொலைவூரிலிருந்த தம் உறவுச் சிறுமி ஒருத்திக்கு 2004-இல் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியதே, பின்னர்க் கான் அகாடமியாக வளர்ந்தது. தமிழ் நூல்களுக்கோ, 1998-இல் பொங்கல் நன்னாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் உண்டு. ஊதியம் பெறாத தொண்டர்கள் பல நாடுகளிலிருந்து தட்டெழுதியும் பிழை திருத்தியும், சங்க நூல் முதலாகப் பல நூல்களை அதில் ஏற்றியுள்ளனர்.

பசித்தவன்முன் விருந்து வைத்தாற் போலாயிற்று என் நிலை. வான நூல், பொருளாதாரம், பிரெஞ்சு மொழி, கிரேக்கர் வரலாறு, கணினி நிரலாக்கம் என்று மூன்று திங்களில் 11 பாடங்களைத் தொடங்கினேன். ஒன்றிலேனும் மூன்றாம் வகுப்பைத் தாண்டினேனல்லேன். ஒரு பாடத்தில் சிறிது இடர் தோன்றியவுடனே அடுத்ததற்குத் தாவுவேன். சேர்வதற்குப் பொருள் கொடாதவனுக்கு விடுவதற்கும் வருத்தமில்லையன்றோ!

ஒரு நாள் இரவு, எண்ணெய்க் கறை படிந்த கையோடு வேலையிலிருந்து வந்த தமையனார் என் அருகில் அமர்ந்தார். யான் பெருமிதத்தோடு 11 பாடங்களையும் அவருக்குக் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “தம்பி, இவற்றுள் எத்தனை முடித்தாய்?” என்றார். யான் விடை கூறவில்லை. “பட்டறையில் ஒரே நேரத்திற் பதினொரு துண்டை எவரும் கடைவதில்லை” என்று மட்டும் சொல்லி, உணவுண்ண எழுந்து சென்றார்.

மறுநாளே பத்தை விடுத்தேன். எஞ்சியது, எம்.ஐ.டி.யில் கில்பர்ட் ஸ்ட்ராங் என்னும் பேராசிரியர் 1999-இல் நடத்திய நேரியல் இயற்கணித வகுப்புக்களின் பதிவு. முதல் வகுப்பில் அவர் இரண்டு சமன்பாடுகளை எழுதி, அவற்றை ஒரு புள்ளியில் வெட்டிக்கொள்ளும் இரு நேர்கோடுகளாகக் காட்டினார். பின்னர் அவற்றையே நிரல் நிரலாகப் பிரித்து, இரு திசையன்களை எவ்வெவ்வளவு கூட்டினால் மூன்றாவதை அடையலாம் என்னும் வினாவாக மாற்றினார். யான் நெட்டுருச் செய்து மறந்த விதிகளுக்கு ஓர் உருவம் உண்டென்பதை அன்றே உணர்ந்தேன். விளங்காத இடத்தில் நிறுத்தினேன். மீண்டும் மீண்டும் கேட்டேன். அவர் சலித்துக் கொள்ளவில்லை.

நிற்க. பதிவிலுள்ள ஆசிரியர் எத்துணைப் பெரியரேனும் என் குறிப்பேட்டைக் கண்டாரல்லர். ஒரு கணக்கிற்கு நான்கு நாளாக விடை தவறி வந்தது. ஈற்றில் எம் கணிதப் பேராசிரியரை அணுகினேன். இரண்டாம் வரியில் யான் கழித்தற்குறியை விட்டிருப்பதை அவர் அரை நிமிடத்திற் சுட்டினார். அம்மட்டில் நில்லாது, விடையை மூலச் சமன்பாட்டில் இட்டுப் பார்த்து, பின் வரிவரியாகப் பின்னோக்கிச் சென்று பிழையைத் தேடும் முறையையும் கற்பித்தார். இணையம் பாடம் சொல்லும். நம் பிழையைக் கண்டு திருத்த அருகில் ஓர் ஆசிரியர் வேண்டும் என்பதை அன்று அறிந்தேன்.

மறு தேர்விற் தேறினேன். செய்தி கேட்டுத் தமையனார் மகிழ்ந்தார். சிறிது நேரங் கழித்து, “இதிற் சேர என்ன தகுதி கேட்பார்கள்?” என்றார்.

“ஒன்றும் கேட்பதில்லை, அண்ணா.”

“அப்படியானால் நானும் கேட்கலாமா?”

அவ்வினா என்னைச் சுட்டது. அத்திறந்த வாயிலில் யான் பல திங்களாகப் புகுந்தும் புறப்பட்டும் திரிந்தேன். எனக்காகக் கல்வியைத் துறந்தவர் அதே அறையில் அயர்ந்து உறங்கிக் கொண்டிருந்தார். அவருக்கும் அவ்வாயில் திறந்தே உள்ளது என்பது எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

இப்பொழுது அவர், உலோகங்களைக் கடைந்து உருவாக்கும் முறைகளைப் பற்றிய என்.பி.டி.இ.எல். பாடமொன்றைக் கேட்டு வருகின்றார். ஆங்கிலம் விளங்காத இடங்களில் யான் அருகிருந்து சொல்கின்றேன். உளியின் முனையை இன்ன கோணத்தில் தீட்டவேண்டும் என்பதைத் தம் கை முன்பே அறிந்திருந்தது என்றும், அதன் காரணம் இப்பொழுதுதான் தமக்குத் தெரிகின்றது என்றும் கூறுகின்றார். கல்லூரியிற் பயிலாமற் போனதற்கு இஃது ஈடாகாது. அதனை அவரும் அறிவார், யானும் அறிவேன்.

மாணவ நண்பர்காள்! அவ்வாயிலிற் காவலன் இல்லை. ஆதலின் உள்ளே செல்வதும் எளிது; வெறுங்கையோடு வெளியே வருவதும் எளிது. ஒன்றைத் தேர்ந்து, குறிப்பேட்டோடு அமர்ந்து, அதனை முடிமின். முடித்தபின், உங்கள் இல்லத்தில் உங்கள்பொருட்டுக் கல்வியை விட்டவர் எவரேனும் உளரோ என்று நோக்குமின். உளராயின், அவரையும் அவ்வாயிலுக்கு அழைத்துச் செல்லுமின்.