அரிச்சல்முனையில் நின்ற பைக்
அரிச்சல்முனையில் சாலை வட்டமடித்துத் திரும்பிவிடுகிறது. பைக்கை ஓரங்கட்டிவிட்டுக் கடலையே பார்க்கிறார் அந்த மதுரை இளைஞர். எதிரே தலைமன்னார், சுமார் 30 கி.மீ.தான். 1914-ல் தொடங்கிய கப்பல், 1964 புயல் வரை தனுஷ்கோடியிலிருந்து போனது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து. 80-களில் அதுவும் நின்றுபோனது.

தேயிலைத் தோட்டத்தை விட்டு அப்பத்தா மண்டபம் முகாமுக்கு வந்தது அந்தக் கப்பலில்தான். “நான் பொறந்த லயம் இருக்கான்னு பாத்துட்டு வாய்யா” என்பது அவரது ஒரே ஆசை.

2023-ல் தொடங்கிய நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பலில் ஆள் போகலாம், பைக்குக்கு இடமில்லை. நாகையில் பைக்கை விட்டுவிட்டு, ஹெல்மெட்டோடு கப்பலேறப் போகிறார். அங்கே வாடகை பைக் பார்த்துக்கொள்ளலாம்.

போனில் சொன்னதும் அப்பத்தா சிரித்தார். “மலையிலருந்து நாங்க ரயிலுலதான்யா எறங்குனோம். நீயும் ரயிலேறியே போ!”