தேமா: பாலை நடுவே ஒரு மதில் ஊர்

யோபு நூலின் ஆறாம் அதிகாரத்தில் ஓர் ஊர்ப்பெயர் வருகிறது. நம்மில் பெரும்பாலோர் அதைக் கண்டும் காணாமல் கடந்து விடுகிறோம். நீர் இருக்கும் என்று நம்பி ஓடைகளை நாடி வந்து, அவை வற்றிக் கிடக்கக் கண்டு ஏமாந்து நிற்கும் வணிகக் கூட்டத்தாருள் தேமா ஊராரை யோபு குறிப்பிடுகிறார். எசாயா இறைவாக்கினரோ இருபத்தோராம் அதிகாரத்தில், வாளுக்குத் தப்பி ஓடிவரும் தெதானியரைத் தண்ணீரோடும் அப்பத்தோடும் எதிர்கொள்ளுமாறு அதே தேமா மக்களைப் பணிக்கிறார். ஓரிடத்தில் தண்ணீர் தேடித் தவிப்போர். மற்றோரிடத்தில் தாகம் தீர்க்க வேண்டியோர். இவ்வூரார் யாவர்? மழை அரிதாகிய நாட்டில் பிறர்க்கும் வழங்குமளவு நீர் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

அவ்வூர் இன்றும் உள்ளது. சவூதி அரேபியாவின் வடமேற்குப் பகுதியில், நெபூத் என்னும் மணற்பாலையின் ஓரத்தில், தைமா என்று வழங்குகிறது. தபூக் நகரிலிருந்து தென்கிழக்கே இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவு. காலையில் காரில் புறப்பட்ட நாம் வழியெல்லாம் கண்டது கல்லும் மணலும், இடையிடையே காற்று அரித்த பாறைக் குன்றுகளுமே. ஊரை நெருங்கியதும் வடபுறத்தில் வெண்மையாக ஒரு பரப்பு விரிந்தது. நீர் என்று எண்ணி மகிழ்ந்தோம்; அது உப்புப் படிந்த வறண்ட களர்நிலம்.

ஆயினும் நம் கண்கள் முற்றிலும் பொய் சொல்லவில்லை. ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் அக்களர்நிலம் ஓர் ஏரியாக இருந்தது. சேற்றுப் படிவங்களும் அவற்றுள் புதைந்த நத்தை ஓடுகளும் அதற்குச் சான்று. மழை குறையக் குறைய ஏரி வற்றியது. நிலத்தடி நீரோ எட்டும் ஆழத்திலேயே நின்றது. படிவங்களில் அகப்பட்ட மகரந்தத் துகள்களை ஆராய்ந்தோர், 6,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்குத் திராட்சைக்கொடி வளர்க்கப்பட்டது என்கின்றனர். பேரீச்சையே பாலைநிலத்தின் முதற்பயிர் என்று எண்ணியிருந்த நமக்கு இது புதுச் செய்தி.

இனி மதிலுக்கு வருவோம். சூளையிடாத பச்சைச் செங்கல்லாலும் மணற்பாறைக் கல்லாலும் எழுப்பப்பட்ட இம்மதிலின் நீளம் 15 கிலோமீட்டருக்கும் மேல். சில பகுதிகள் மணலுள் புதைந்து கிடக்கின்றன. சில இன்றும் பல மீட்டர் உயரத்திற்கு நிமிர்ந்து நிற்கின்றன. மதிலின் மீது காற்று கொண்டுவந்து குவித்த மணலைக் கொண்டே அதன் வயதைக் கணித்திருப்பது வியப்புக்குரியது. மணற்பருக்கை கடைசியாக வெயில் கண்டது எப்போது என்பதை அளந்தறியும் முறை ஒன்று இருக்கிறது. அம்முறையின்படி மதிலின் பழைய பகுதிகள் ஏறத்தாழ 4,000 ஆண்டு முதுமை உடையவை.

வீடுகளைக் காப்பதற்கு இத்தனை நீள மதில் வேண்டுவதில்லை. மக்கள் குடியிருந்த பகுதி சிறியது. மதிலுக்குள் அடங்கியவை கிணறுகள், வாய்க்கால்கள், தோட்டங்கள், வயல்கள். தைமாவின் முன்னோர் வேலியிட்டது தண்ணீருக்கே என்பது எமது துணிபு. தெற்கே கைபர் என்னும் சோலையிலும் 14.5 கிலோமீட்டர் நீள மதில் ஒன்று இருந்ததைப் பிரெஞ்சு, சவூதி ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்டனர், அது கி.மு. 2250-க்கும் 1950-க்கும் இடைப்பட்டது. ஆகவே தைமா தனித்த விந்தையன்று. அந்நிலப்பகுதி மக்களின் ஒரு பொது வழக்கம்.

ஊர் நடுவே ஹத்தாஜ் என்னும் பெருங்கிணறு இருக்கிறது. வட்ட வடிவம், குறுக்களவு சுமார் 18 மீட்டர், சுற்றிலும் கல் கட்டடம். விளிம்பைச் சுற்றி மர உருளைகள் வரிசையாக நிற்கின்றன. நம் நாட்டுக் கமலைக் கிணறுகளில் மாடுகள் சரிவில் இறங்க, சால் நிறைந்து மேலே வருமன்றோ? இங்கே மாட்டுக்குப் பதில் ஒட்டகங்கள். பல திசைகளிலும் ஒரே வேளையில் இழுத்தன. கடந்த நூற்றாண்டின் நடுவில் இயந்திர இறைப்பான்கள் வந்த பிறகே ஒட்டகங்களுக்கு ஓய்வு கிடைத்தது. கிணற்றருகே வளர்ந்த முதியோருக்கு உருளைகளின் கிரீச்சொலி நினைவிருக்கும். நாம் சென்றபோது புறாக்களின் ஒலி மட்டுமே.

நீர் வளமும் மதிலும் உள்ள இடத்தின்மேல் அரசர் கண் படாதிருக்குமா? எகிப்திய மன்னன் மூன்றாம் ராம்சேசின் பெயர் பொறித்த பாறை ஒன்று தைமா அருகே கண்டுபிடிக்கப்பட்டதாக 2010-இல் அறிவிக்கப்பட்டது. அவனுக்கு ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தவன்தான் நம் வாசகர்கள் கூர்ந்து கவனிக்கத் தக்கவன். அவன் பாபிலோனின் இறுதி மன்னன் நபோனிதஸ். கி.மு. 556-இல் அரியணை ஏறிய அவன், ஆட்சிப் பொறுப்பை மகன் பெல்சாட்சரிடம் விட்டுவிட்டு, படையுடன் பாலையைக் கடந்து வந்து, பத்தாண்டுகள் தைமாவில் தங்கினான். அரசன் தலைநகரில் இல்லாமையால் புத்தாண்டுப் பெருவிழா நடைபெறவில்லை என்று பாபிலோனியக் குறிப்பேடு ஆண்டுதோறும் மனக்குறையுடன் பதிவு செய்கிறது. நறுமணப் பொருள் வணிகப் பாதையைக் கைப்பற்ற வந்தான் என்பர் சிலர். திங்கள் தெய்வத்தின் மீது கொண்ட பற்றினால் பாபிலோன் குருக்களோடு பகைத்து வந்தான் என்பர் வேறு சிலர். இரண்டும் உண்மையாயிருக்கலாம்.

அவனைப் பழித்துப் பாடிய பாபிலோனியச் செய்யுள் ஒன்று, தேமாவின் தலைவனைக் கொன்று, மக்களின் மந்தைகளையும் வெட்டி வீழ்த்தினான் என்கிறது. பகைவர் வாக்கு என்று ஓரளவு தள்ளுபடி செய்தாலும், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்ற மதில் அவனைத் தடுக்கவில்லை என்பது தெளிவு. 2004 முதல் ஜெர்மானியத் தொல்லியல் நிறுவனமும் சவூதி தொல்லியல் துறையும் இணைந்து நடத்திய அகழாய்வில், அவனுடைய ஆப்பெழுத்துக் கல்வெட்டின் உடைந்த பகுதி கிடைத்தது. கதையென்று எண்ணியோர்க்கும் அதன்பின் ஐயம் இல்லை.

தானியேல் நூலில் பெல்சாட்சர், சுவரில் எழுதப்பட்டதை விளக்குவோனுக்கு அரசின் மூன்றாம் இடத்தைத் தருவதாகச் சொல்கிறான். ஏன் இரண்டாம் இடத்தைத் தரவில்லை என்று நாம் சிந்தித்ததுண்டா? தந்தை நபோனிதஸ் முதலாமவன், தான் இரண்டாமவன். எனவே கொடுப்பதற்கு எஞ்சியிருந்தது மூன்றாம் இடமே என்று அறிஞர் பலர் விளக்குகின்றனர். சாக்கடல் அருகே கும்ரான் நான்காம் குகையில் கிடைத்த அரமேய ஏட்டுத் துணுக்குகளில், தேமாவில் ஏழாண்டுகள் கொடிய புண்ணால் துன்புற்று, யூதர் ஒருவரால் தெளிவு பெற்ற நபோனிதஸின் மன்றாட்டு காணப்படுகிறது. நெபுகத்னேசர் ஏழு காலம் அறிவிழந்து திரிந்ததாகத் தானியேல் நான்காம் அதிகாரம் கூறும் வரலாற்றோடு இதனை ஒப்பிட்டு நோக்குவது மறைநூல் ஆய்வாளரின் வழக்கம்.

அரசன் திரும்பிப் போனான், கி.மு. 539-இல் பாபிலோன் பாரசீகர் வசமாயிற்று. தைமா தன் பேரீச்ச மரங்களோடு நிலைத்தது. 1880-களில் ஷார்ல் ஹூபர் என்னும் பயணி இங்கே கண்ட அரமேயக் கல்வெட்டு இப்போது பாரிசின் லூவர் காட்சியகத்தில் உள்ளது. புதிதாக நிறுவப்பட்ட ஒரு தெய்வத்திற்கு ஆண்டுதோறும் எத்தனை பேரீச்ச மரங்களின் பலன் சேர வேண்டும் என்பதை அது பேசுகிறது: வயலிலிருந்து 16, அரசுடைமையிலிருந்து 5, ஆக 21. நபோனிதஸின் வெற்றி முழக்கங்களைவிட இந்தக் கணக்கே நமக்கு அவ்வூரை நெருக்கமாகக் காட்டியது. ஒவ்வொரு மரத்தையும் எண்ணி வைத்துக்கொண்ட ஊர்! அப்படி எண்ணி வாழ்ந்தவரிடமே எசாயா, வழியில் வருவோருக்கு அப்பமும் நீரும் கொண்டு செல்லக் கேட்டார்.

மாலையில் தெற்கு நோக்கிப் புறப்பட்டோம். அல்-உலா என இன்று வழங்கும் தெதானுக்குச் செல்லும் பாதை அது. எசாயா குறிப்பிடும் மக்கள் தப்பி ஓடியிருந்தால் இப்பக்கத்திலிருந்தே வந்திருக்க வேண்டும். வண்டியின் கண்ணாடி வழியே நெடுநேரம் பார்த்துக்கொண்டே சென்றோம். மணற்பாறைகள் சிவந்து, பிறகு கறுத்தன. இருள் சூழும்வரை வழியில் ஒரு கிணற்றையும் நாம் காணவில்லை.